மஞ்சள் அடிச்சா உடனே யூரியாவா? நெல் இலையைப் படிக்கறது பத்தி

கேள்வி, 2024 நவம்பர் 9

தாளடி (குறுவைக்கு அப்புறம் நடற நெல்) நட்டு 21 நாள் ஆச்சு. ஏடிடி 46 ரகம், ஒன்றரை ஏக்கர். ரெண்டு மூணு நாளா பயிர் மஞ்சள் அடிக்குது. உரக்கடையில ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போடுங்க பச்சை கட்டிடும்ங்கறாங்க. எங்க தாத்தா இலையைப் பாத்தே இன்ன குறைன்னு சொல்லிடுவாராம். அதெல்லாம் நிஜமாவே முடியுமா, இல்ல சும்மா பேச்சா?

நவம்பர் 9, ராத்திரி

முடியும். மூட்டையைப் பிரிக்காம வைங்க முதல்ல.

வரப்புல நின்னு பாத்தா எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள்தான், இறங்கி ஒரு தூரைப் பிரிச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். மூணு விஷயம் பாருங்க. மஞ்சள் அடி இலையில ஆரம்பிச்சிருக்கா, இல்ல புதுசா விட்ட குருத்து பக்கத்து இலையிலயா. ஒரு இலைக்குள்ள நுனியிலயா, ஓரத்துலயா, நடு நரம்புகிட்டயா. அப்புறம் வயல்ல எங்க, முழுக்க ஒரே சீரா இருக்கா, இல்ல திட்டுத் திட்டா இருக்கா.

ஏன் இதைக் கேக்கறேன்னா தழைச்சத்து, அதாவது யூரியா கொடுக்கற நைட்ரஜன், பயிருக்குள்ள நகரக்கூடிய சத்து, பத்தலன்னா செடி பழைய இலையில இருக்கறதை உருவிப் புது இலைக்கு அனுப்பிடும், அதனால பழைய இலைதான் முதல்ல வெளுக்கும், நுனியில ஆரம்பிச்சு நடு நரம்பு வழியா உள்ள இறங்கும், வயல் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) மெக்னீசியமும் இதே மாதிரி நகரும். இரும்பு, கந்தகம், போரான் எல்லாம் அப்படி நகராது. போன இடத்துலயே உக்காந்துக்கும், அதனால குறை வந்தா இளசு இலையிலதான் காட்டும். ஜிங்க் (துத்தநாகம்) ரெண்டுங்கெட்டான், அதை நாளைக்கு எழுதறேன், அதுல நான் பட்டது நிறைய.

நவம்பர் 10, காலை

2019 தாளடி. நாங்க மன்னார்குடி பக்கம், கொஞ்சம் கடைமடை, ஆத்துத் தண்ணி கடைசியா வர்ற இடம். அந்த வருஷம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துட்டாங்க, நிலத்தை நான் பாக்க ஆரம்பிச்ச முதல் தாளடி. 4 மா (மூணு மா ஒரு ஏக்கர்), இதே ஏடிடி 46. நட்டு 18 நாள்ல மஞ்சள் அடிச்சுது, கடையில சொன்ன மாதிரி யூரியா போட்டேன், ஒரு வாரம் பாத்தேன், பச்சை கட்டல, இன்னொரு தடவை போட்டேன். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு, உரத்துல அதுதான் மலிவு, அதனால கை தானா அதுக்குத்தான் போகுது. பயிர் குட்டையாவே நின்னுது. இலை மேல துரு தூவின மாதிரி பழுப்புப் புள்ளி. பக்கத்துல புதுத் தண்டு வெடிச்சுத் தூர் கட்டவே இல்ல.

களை எடுக்க வந்த அக்கா ஒருத்தங்கதான் சொன்னாங்க, "ஏம்மா, இந்த இலை அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஒடியுதே, தழைச்சத்து இல்லாத இலை இப்படி ஒடியாதே"ன்னு. படிச்ச ஆள் யாரும் சொல்லல. குனிஞ்சு குனிஞ்சு அந்த இலையிலயே கை வச்சு வேலை செய்யறவங்களுக்குத் தெரிஞ்சுது. ஒரு இலையைப் பிடுங்கிக் காட்டினாங்க. இளசு இலை, அடிப்பக்கம் நடு நரம்பு வெள்ளையா வெளுத்திருக்கு, அதுக்குக் கீழ உள்ள இலையில பழுப்புப் புள்ளிங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பட்டையாயிருக்கு. ஜிங்க் குறை.

வடக்க இதுக்கு கைரான்னு பேரு. 1966ல பந்த்நகர்ல நேனேங்கற விஞ்ஞானிதான் இது துத்தநாகக் குறைன்னு கண்டு சொன்னவர், அதுவரைக்கும் என்னவோ ஒரு நோய்னுதான் நினைச்சிட்டிருந்தாங்க. நட்டு 2லேருந்து 4 வாரத்துக்குள்ள காட்டும். உங்க பயிருக்கு 21 நாள்ங்கறீங்க. அதான் நேத்து அவ்வளவு அவசரமா எழுதினேன்.

நவம்பர் 10, மதியம்

ஜிங்க் குறைக்கு இலை மேல தெளிக்கற அளவு கேட்டிருக்காங்க. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. ஏக்கருக்கு 20 டேங்க், மொத்தம் 1 கிலோ ஜிங்க், 2 கிலோ யூரியா, 200 லிட்டர் தண்ணி. அடுத்த பட்டத்துக்கு நடவுக்கு முன்னாடியே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணல்ல கலந்து மேலாகத் தூவிடுங்க. டிஏபி உரத்தோட சேத்துக் கலக்காதீங்க, அதுல இருக்கற மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஜிங்க்கும் ஒண்ணை ஒண்ணு கட்டிப்போட்டுடும், காசு போனதுதான் மிச்சம்.

நவம்பர் 12

இலை வண்ண அட்டை பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஜப்பான்ல தொடங்கி, பிலிப்பைன்ஸ்ல இருக்கற இர்ரி நெல் ஆராய்ச்சி நிலையம் வழியா நம்ம ஊருக்கு வந்தது. பிளாஸ்டிக் அட்டை, வெளிறின பச்சையிலேருந்து கரும்பச்சை வரைக்கும் பட்டை பட்டையா இருக்கும், என்கிட்ட இருக்கறது ஆறு பட்டை. பட்டை மேல நெல் இலை மாதிரியே நரம்பு வரி போட்டிருப்பாங்க.

நட்ட 14ம் நாள்லேருந்து பூக்கற வரைக்கும் வாரம் ஒரு தடவை பாக்கணும். நேரடி விதைப்புன்னா 21ம் நாள்லேருந்து. காலைல 8லேருந்து 10க்குள்ள. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னு, நம்ம நிழல் இலை மேல விழற மாதிரி பிடிச்சுப் பாக்கணும், நேர் வெயில்ல எந்த இலையும் ஒரு பட்டை வெளுத்துத்தான் தெரியும். இலையைக் கிள்ளக்கூடாது, செடியில இருக்கும்போதே அட்டை மேல வச்சுப் பாக்கணும். ஒரே ஆள்தான் பாக்கணும், என் கண்ணுக்கு 3 தெரியறது எங்க வீட்டுக்காரர் கண்ணுக்கு 4ஆத் தெரியுது. 10 இடத்துல பாத்து அதுல 6 இடத்துல அளவுக்குக் கீழ இருந்தாத்தான் மேலுரம், அதாவது வளர்ற பயிருக்கு இடையில போடற யூரியா. வெள்ளைப் பொன்னி மாதிரி அதிகம் யூரியா தாங்காத ரகத்துக்கு அளவு 3, மத்த ரகத்துக்கும் வீரிய ஒட்டு ரகத்துக்கும் 4. எங்க வயல்ல இதைப் பாத்து ரெண்டு வருஷம் ஒரு மேலுரத்தையே நிறுத்தினேன், விளைச்சல் குறையல.

எந்த இலையைன்னா, மேலேருந்து முதல் இலை. போடற அளவு 30 கிலோ.

நவம்பர் 13

நேத்து எழுதினதுல கடைசி ரெண்டு வரி தப்பு, அவசரத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஒருத்தர் அதை நம்பி யூரியா வாங்கக் கிளம்பிட்டேன்னு போட்டிருக்கார், வயிறு கலங்கிடுச்சு.

30 கிலோங்கறது யூரியா இல்ல, தழைச்சத்து. அதுவும் ஏக்கருக்கு இல்ல, ஹெக்டேருக்கு. யூரியாவுல நூத்துக்கு 46தான் தழைச்சத்து, அப்படின்னா ஹெக்டேருக்கு 65 கிலோ யூரியா, ஏக்கருக்கு 26 கிலோ சுமார், மா கணக்குல 9 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. கோடைப் பட்டத்துக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, யூரியாவா ஏக்கருக்கு 31 கிலோ. ஏக்கருக்கு 45 கிலோ மூட்டையை அப்படியே கவுக்கறது ரெண்டு கணக்குலயும் வராது.

இலையும் முதல் இலை இல்ல. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது மேலேருந்து மூணாவது, முழுசா விரிஞ்ச இலை. வேற இடத்துல முழுசா விரிஞ்ச மேல் இலைன்னும் போட்டிருப்பாங்க, அதான் குழப்பம். நம்ம ஊர் அளவு நம்ம ஊர் இலைக்குத்தான் பொருந்தும், மூணாவதையே பாருங்க.

இன்னொண்ணு. அட்டை தழைச்சத்துக்கு மட்டும்தான். ஜிங்க் குறை உள்ள வயல்ல அட்டையை வச்சா 2, 3னுதான் காட்டும், நம்பி யூரியா போட்டா நான் 2019ல பட்டதுதான். முதல்ல இலையைப் பாத்து வேற குறை இல்லன்னு தீத்துட்டு அப்புறம் அட்டையை எடுங்க.

நவம்பர் 17

கேள்வி கேட்டவர் போட்டோ போட்டிருக்கார். சாயந்திர வெயில்ல எடுத்திருக்கார், அந்த வெளிச்சத்துல என் வயலும் மஞ்சள்தான். போட்டோவை வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், நல்லா இருக்கற இடத்துல ஒரு தூர், மஞ்சள் இருக்கற இடத்துல ஒரு தூர், ரெண்டையும் வேரோட மெதுவா எடுத்து வாய்க்கால்ல அலசி பக்கத்துல பக்கத்துல வைங்க. வேர் வெள்ளையா புதுசு புதுசா இருந்தா நல்லது, செம்பழுப்பா இருந்தாலும் பரவால்ல, அது இரும்பு படிஞ்சது. கறுத்துப்போய் அழுகின முட்டை வாடை அடிச்சா அது சத்துக் குறையே இல்ல, தண்ணி வடியாம வேர் மூச்சு முட்டுது. அதுக்கு உரம் வாங்கற காசுல ஒரு ஆளை விட்டு வடிகாலை வெட்டிவிடலாம். தண்ணியை வடிச்சு, மண்ணுல மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விடற வரைக்கும் காயப் போட்டா ஒரு வாரத்துல வேர் வெளுக்கும், இலை தானா திரும்பும்.

நவம்பர் 18

வேர்னு எழுதினதும் அப்பா ஞாபகம். அப்பா வேரைப் பிடுங்காமயே வேரைப் பாப்பாங்க. விடியக்காலைல சூரியன் வர்றதுக்கு முன்னாடி வரப்புல உக்காந்து பயிர் மட்டத்துக்குக் கண்ணை வச்சுப் பாத்தா ஒவ்வொரு இலை நுனியிலயும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்கும். பனி இல்ல அது. பனின்னா இலை முழுக்க ஈரமா இருக்கும், இது நுனியில மட்டும் மணி மாதிரி ஒரே ஒரு சொட்டு. வேர் ராத்திரி முழுக்க இழுத்த தண்ணியை இலை நுனி வழியா வெளிய தள்ளுது. வேர் நல்லா இருந்தா வயல் முழுக்க ஒரே உயரத்துல மணி கோத்த மாதிரி நிக்கும். எங்க சொட்டு இல்லையோ அங்க வேர் சுகமில்ல. மஞ்சள் தெரியறதுக்கு முன்னாடியே இது தெரியும்ங்கறது அப்பா கணக்கு. நான் ரெண்டு வருஷமா பாத்துட்டு வர்றேன், எனக்கும் அப்படித்தான் படுது.

இப்ப அப்பாவால வயலுக்கு வரமுடியாது, கண்ணும் மங்கிடுச்சு. இலையைக் கிள்ளி ஈரத்துணியில சுத்திக் கொண்டுபோய்க் கையில கொடுப்பேன். கட்டைவிரலால அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரு தடவை இழுப்பாங்க. மெத்துன்னு துவண்டா "யூரியா ஜாஸ்திம்மா". சொரசொரன்னு வெடவெடப்பா இருந்தா ஒண்ணும் சொல்லாம திருப்பிக் கொடுப்பாங்க, அப்படின்னா சரி. ஆனா தொடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கண்டிப்பா வரும், "எந்தப் பக்கத்து இலை?"

நவம்பர் 20

என் தாளடி வயல்லயும் மஞ்சள் வந்துடுச்சு. அதே 4 மா. இந்தத் தடவை அடியுரத்தோட ஜிங்க் போட்டிருந்தேன், அப்படியும். மேட்டூர் அணையை இந்த வருஷம் ஜூலை 28தான் தொறந்தாங்க, நாத்தங்காலுக்கும் நடவுக்கும் போர்வெல் தண்ணிதான் எனக்கு. நடந்து பாத்தேன், மஞ்சள் வாமடைகிட்ட, அதாவது வயலுக்குத் தண்ணி நுழையற வாய்கிட்ட மட்டும். போர் தண்ணி விழற வாயிலேருந்து விசிறி மாதிரி விரிஞ்சு சுமார் 30 அடி, அதுக்கு அந்தாண்ட பச்சை. அப்பாகிட்ட சொன்னேன். "வாமடைகிட்ட எப்பவும் அப்படித்தான்"னாங்க. வருஷா வருஷம் கேட்ட வார்த்தைதான், முடியாததை விட்டுட்டாங்கன்னு நினைச்சேன் இத்தனை நாளா.

டிசம்பர் 3

பத்து நாளா எழுத முடியல. புயல் மழை. சம்பா பக்கம் முழுக்க முங்கிடுச்சு, சிஆர் 1009 சப் 1 போட்டிருந்தேன், தண்ணி தாங்கற ரகம், அது முங்கும்போது உயர வளராம இருக்கற சத்தைச் சேத்து வச்சுக்கிட்டு அடங்கி இருக்கும். இருந்தாலும் மனசு கேக்கல, தினம் வரப்புல போய் நின்னேன், நுனி தெரியுதா தெரியுதான்னு.

தண்ணி வடிஞ்ச வயல்ல எல்லா இலையும் வெளுத்து, சேறு பூசி, பாக்கவே முடியாது. இந்த மஞ்சளைப் பாத்து உடனே யூரியா அள்ளிப் போடாதீங்க. வேர் இன்னும் எழுந்திருக்கல, போடறதெல்லாம் தண்ணியோட போயிடும். குருத்தைப் பிடிச்சுப் பாருங்க, உள்ள வெள்ளையா கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. ஒரு புது இலை எட்டிப்பாக்கற வரைக்கும் காத்திருங்க. அதுக்கப்புறம் முதல்ல இலைவழியா கொடுங்க, மேல சொன்ன அதே ஜிங்க் யூரியா கரைசல்தான், வேர் சாப்பிட முடியாதப்ப இலை சாப்பிடும். மண்ணுல போடற மேலுரம் அதுக்கும் பின்னாடி, வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வச்சு, 5 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு புண்ணாக்கு. எனக்கு நாலாம் நாள் புது இலை வந்துச்சு. பச்சை. அவ்வளவு அழகா ஒரு இலையை நான் பாத்ததில்ல.

டிசம்பர் 8

மழைக்கப்புறம் நிறைய பேர் ஓரம் காயுது ஓரம் காயுதுன்னு போட்டிருக்கீங்க. இது வேற விஷயம், கவனமாப் படிங்க, இதுல யூரியா போட்டா வயலே போயிடும்.

இலை நுனியிலேருந்து ஓரமா அலை அலையா மஞ்சள் இறங்கி அப்புறம் வைக்கோல் நிறமாக் காய்ஞ்சா அது பாக்டீரியா இலைக்கருகலா இருக்கலாம். வீட்டுலயே பாத்துடலாம். காலைல போய், காய்ஞ்ச பாகமும் பச்சைப் பாகமும் சேர்ற இடத்துல இலையைக் கத்தரிச்சு, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி வெட்டுன முனை தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி தொங்கவிடுங்க. ஆட்டாதீங்க. பின்னாடி ஒரு கறுப்புத் துணி பிடிச்சுப் பாத்தா கொஞ்ச நேரத்துல வெட்டு வாயிலேருந்து பால் மாதிரி ஒரு இழை இறங்கும், ஊதுபத்திப் புகை தலைகீழா இறங்கற மாதிரி. அது வந்தா நோய். வரலன்னா வேற.

நோய்னா மேலுரத்தை நிறுத்துங்க, ஒரு வயல் தண்ணி அடுத்த வயலுக்குப் போகாம கட்டுங்க. பசுஞ்சாணக் கரைசல் நூத்துக்கு இருபது, அதாவது 20 கிலோ புதுச் சாணத்தை 100 லிட்டர் தண்ணிக்குங்கற கணக்குல கரைச்சுத் தெளிய வச்சு வடிகட்டித் தெளிக்கலாம். பல்கலைக்கழகமே சொல்றதுதான், பாட்டி வைத்தியம்னு ஒதுக்காதீங்க.

டிசம்பர் 9

டம்ளர்ல ஒண்ணும் வரல, ஆனா ஓரம் காயுதுன்னு ஒரு அண்ணன். அடி இலையா மேல் இலையான்னு கேட்டேன், அடி இலைன்னார். அப்ப பொட்டாஷ் குறையா இருக்கலாம், நுனியும் ஓரமும் தீயில வாட்டின மாதிரி இருக்கும், நடு இலை கொஞ்சம் பச்சையாவே நிக்கும். ரெண்டும் தூரத்துலேருந்து பாத்தா அண்ணன் தம்பி. கருகல்ல ஓரம் அலையா இருக்கும், மேல் இலையையும் விடாது. பொட்டாஷ் குறை அடியிலேருந்து வரிசையா ஏறும், ஓரம் நேராப் போகும். மழை நிறைய அடிச்சுப்போன மணல் கலந்த வயல்ல இது சகஜம்.

டிசம்பர் 15

"எங்க வயல் கருகருன்னு இருக்கு, ஊர்ல முதல் வயல் என்னுதுதான்"னு ஒருத்தர் சந்தோஷமா போட்டோ போட்டிருக்கார். அண்ணே, கோவிச்சுக்காதீங்க, எனக்கு அதைப் பாத்தா பயமா இருக்கு. வண்ண அட்டையில 5க்கு மேல போற பச்சை பயிரோட பலம் இல்ல. இலை மெத்துன்னு துவண்டு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கிடக்கும், அடியில காத்து வெளிச்சம் போகாது. புகையான் பூச்சிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. இலைச்சுருட்டுப்புழு இளசு இலையைத் தேடித்தான் வரும், குலை நோயும் அப்படித்தான். கதிர் வந்ததும் ஒரு காத்து அடிச்சா படுத்துடும்.

உச்சி வெயில்ல போய்ப் பாருங்க. இலை விறைச்சு மேல பாத்து நிக்கணும். தூருக்குள்ள கையை விட்டா கை ஈரமாகாம வெளிய வரணும். தூரை விலக்கித் தண்ணி மட்டத்துல பாருங்க, பழுப்பா பொடிப் பூச்சி நெருக்கமா உக்காந்திருந்தா அதான் புகையான், உடனே தண்ணியை வடிங்க, 8 அடிக்கு ஒரு அடி இடைவெளி விழற மாதிரி பயிரை ஒதுக்கிப் பட்டம் பிரிச்சுவிடுங்க.

பக்கத்து வயல்காரர் பச்சையைப் பாத்து நம்ம வயலுக்கு யூரியா போடற பழக்கம் எங்க ஊர்ல ரொம்ப உண்டு. எனக்கும் 2020ல இருந்துச்சு. ரோட்டுல போறவங்க "என்னம்மா உன் பயிர் வெளுத்திருக்கு"ன்னு கேட்டா தாங்க முடியாது. அப்ப அட்டைதான் எனக்குத் துணையா இருந்துச்சு, 4 காட்டுது, வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடுவேன்.

டிசம்பர் 22

உளுந்து கேட்டிருக்காங்க. உளுந்துல புது இலையில பளிச்சுனு எலுமிச்சை மஞ்சள் திட்டுத் திட்டா, பச்சையும் மஞ்சளும் கலந்து வந்தா அது மஞ்சள் தேமல், வெள்ளை ஈ கொண்டுவர்ற வைரஸ். எந்த உரமும் எடுபடாது, முதல் பத்து இருபது செடியிலயே பிடுங்கிப் புதைச்சிடுங்க. நரம்பு பச்சையா இருந்து நடுவுல மட்டும் மஞ்சள்னா இரும்புக் குறையா இருக்கலாம், அது தெளிப்புக்குத் திரும்பும்.

தென்னையில புதுசா விரியற மட்டையோட ஓலை நுனி கொக்கி மாதிரி வளைஞ்சு, விரியாம ஒட்டிக்கிட்டிருந்தா போரான். வாழைக்கு அடி இலை மஞ்சளாகி காம்பு ஒடிஞ்சு தண்டைச் சுத்தி பாவாடை மாதிரி தொங்கினா சத்துக் குறைன்னு விட்டுடாதீங்க, தண்டை வெட்டிப் பாருங்க, உள்ள செம்பழுப்பு வளையம் இருந்தா வாடல் நோய்.

நெல்லுலயும் வைரஸ் மஞ்சள் உண்டு, துங்ரோ. பச்சைத் தத்துப்பூச்சி பரப்பறது. இலை நுனியிலேருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள், பயிர் குட்டை, திட்டுத் திட்டா. ஜிங்க் மாதிரியே ஏமாத்தும். ஜிங்க் தெளிச்சா புது இலை பச்சையா வரும், துங்ரோவுல புது இலையும் மஞ்சளாத்தான் வரும். அதான் நான் எப்பவும் ஒரு மூலையில கொஞ்சம் தெளிச்சு ஒரு வாரம் பாத்துட்டு மீதியைத் தெளிக்கறது.

2025 ஜனவரி 4

வாமடை விஷயம். நவம்பர் 20ம் தேதி எழுதினதுக்கப்புறம் ரொம்ப யோசிச்சேன்.

போர் தண்ணியை பாட்டில்ல பிடிச்சு பரிசோதனைக்குக் கொடுத்தேன். உவர் சோடா கலந்த தண்ணி, பைகார்பனேட் ஜாஸ்தின்னு வந்துச்சு. அந்தத் தண்ணி முதல்ல விழற இடத்துல மண்ணுல இருக்கற ஜிங்க்கைப் பயிர் எடுக்க முடியாமப் பண்ணிடுது, அடியுரமா போட்டதும் அங்க கட்டிப்போச்சு. ஆத்துத் தண்ணி வந்த வருஷங்கள்ல வாமடைகிட்ட மஞ்சள் லேசாத்தான் இருக்கும்னு அப்பா இப்ப சொல்றாங்க. "எப்பவும் அப்படித்தான்"னு சொன்னப்ப, அது தண்ணியோட குணம், அங்க மட்டும் தனியாக் கவனின்னு சொல்லியிருக்காங்க. நான் காதுல வாங்கல.

அப்படின்னா 2019 கதையையும் கொஞ்சம் திருத்தணும். மண்ணுல ஜிங்க் இல்லன்னு எழுதியிருந்தேன் போல, அப்படி அர்த்தம் வந்துடுச்சு. மண்ணுல இருந்திருக்கலாம், அந்த வருஷம் நான் வாமடை, கடைக்கோடின்னு பிரிச்சுப் பாக்கவே இல்ல, முழு வயலும் மஞ்சள்னு மனசுல பதிஞ்சிருக்கு. எந்தப் பக்கத்து இலைன்னு யாராவது அன்னைக்குக் கேட்டிருந்தா பதில் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

நவம்பர் கடைசியில வாமடைகிட்ட மட்டும் ரெண்டு தெளிப்பு, பத்து நாள் இடைவெளி விட்டு. அதுல ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தெளிக்காம விட்டு நாலு குச்சி நட்டு வச்சேன். இன்னைக்குப் பூத்திருக்கு வயல். குச்சிக்குள்ள இருக்கற பயிரும் பச்சையாயிடுச்சு, மழைத் தண்ணி வந்து கழுவினதுனாலயா இருக்கும். ஆனா ஒரு குத்துல எத்தனை தூர் வெடிச்சிருக்குன்னு எண்ணிப் பாத்தேன், தெளிச்ச இடத்துல 14, 15, 13. குச்சிக்குள்ள 8, 9, 8. பூக்கறதும் அங்க ஒரு வாரம் பின்தங்கி நிக்குது. பச்சை திரும்பினா சரியாயிடுச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன், மூணாவது வாரத்துல போன தூர் பொங்கலுக்குத் திரும்பி வராது.

தண்ணியோட சோடாக் குணத்தைக் குறைக்க வாமடை வாயில ஜிப்சம் மூட்டையைப் போட்டு அது வழியா தண்ணி விடறாங்களே அதை அடுத்த குறுவையில செஞ்சு பாக்கப் போறேன்.

ஜனவரி 5

பாய் அகலம்னா எவ்வளவுன்னு கேட்டாங்க. 6க்கு 4 அடி.

ஜனவரி 26

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவருக்கு வேர்தான் கறுத்திருந்திருக்கு, வடிகால் வெட்டி அஞ்சு நாள் காயப் போட்டிருக்கார், அப்புறம் ஒரே ஒரு தெளிப்பு. மூட்டையைப் பிரிக்கவே இல்லயாம், பின்னாடி தண்டு உருண்டு கதிர் உருவாகற பருவத்துல அட்டை பாத்துத்தான் பிரிச்சிருக்கார்.

இப்ப புதுக் கேள்வி. கதிர் வந்து பால் பிடிச்சாச்சு, அடி இலை ரெண்டு மூணு மஞ்சளாயிட்டு வருது, ஒரு டேங்க் யூரியா அடிக்கலாமான்னு.

கதிருக்கு நேர் கீழ இருக்கற கண்ணாடி இலை பச்சையா நிமிந்து நிக்குதா பாருங்க. நின்னா ஒண்ணும் செய்ய வேண்டாம். அடி இலை இப்ப மஞ்சளாகறது பசியில இல்ல, இலையில இருந்தது மணிக்குப் போகுது, போகணும். அட்டையை எடுத்து வச்சிடுங்க, பூத்ததுக்கப்புறம் அதுக்கு வேலை இல்ல. தண்ணியை மட்டும் பாத்துக்கோங்க, அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடி வடிச்சிடுங்க.

நேத்து எங்க வயலோட கண்ணாடி இலை ஒண்ணைக் கிள்ளி அப்பாகிட்ட கொடுத்தேன். "எந்தப் பக்கம்?" "வாமடைப் பக்கம்பா." விரலால இழுத்துப் பாத்துட்டுத் திருப்பிக் கையில கொடுத்துட்டாங்க.